நாவலைப் படித்து அழுதால் வீட்டில் சிரிக்கிறார்கள்!

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 46 வயது. வங்கியில் அதிகாரியாக இருக்கிறேன். என் பிரச்சினை உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம்; வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலை எடுத்துக்கொண்டோம். அமெரிக்காவில் மதவாதிகள் ஆட்சியைப் பிடித்து, நாட்டுக்கு கிலியட் என்று பெயர் வைத்து, பிள்ளை பெறத் தகுதியுள்ள பெண்களுக்குச் சிவப்பு உடுப்பு மாட்டி அதிகாரிகளின் வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் கதை. ஒரே நாளில் பெண்களின் வங்கிக் கணக்குகளை முடக்கிவிடுவார்கள். பணம் கணவனுக்கோ நெருங்கிய ஆண் உறவுக்கோ போய்விடும். ஒரு கணக்கை முடக்குவது எத்தனை சுலபம் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

கணவரிடம் சொன்னேன். “உன் சம்பளத்துல நான் எப்பவாவது கை வெச்சிருக்கேனா?” என்று சிரித்தார். வைத்ததில்லை, உண்மை. நான் கேட்டது அதுவா? நாத்தனார், “அழறதுக்குன்னு ஒரு புஸ்தகம் படிக்கணுமா அண்ணி?” என்கிறாள். வாசகர் வட்டத்திலும் ஒருவர், “அது அவங்க ஊர்க் கதை” என்று முடித்துவிட்டார். யாருக்கும் புரியவில்லை. மகளுக்காவது புரியும் என்று கொடுத்தேன். மளமளவென்று முடித்துவிட்டு, அந்தச் சிவப்பு உடுப்புப் பெண்களைப் பழக்கும் லிடியா அத்தை பேசும் ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ‘அம்மா’ என்று எழுதி வைத்திருக்கிறாள். சென்னைக் கல்லூரியில் சேர்க்கவில்லை என்ற கோபம். காலம் கெட்டுக் கிடக்கிறது, ஹாஸ்டலில் எப்படி விடுவது? சின்னப் பெண், கிடக்கட்டும். இரவல் புத்தகம் என்பதால் அழித்துவிட்டேன். ஆனால் இத்தனை வருடம் கூட வாழ்ந்தவர் சிரிக்கலாமா? இப்போதும், “என்னம்மா, சிவப்புச் சேலை கட்டலியா?” என்று கிண்டல். யாருக்குமே புரியாத வீட்டில் எப்படி இருப்பது?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரி,

கணவர் சிரித்தது தவறு. பயந்து நிற்பவளிடம் ‘நான் நல்லவன்தானே’ என்பது பதிலே இல்லை. நாவலிலும் கணக்குகள் முடங்கிய அன்று கதைசொல்லியின் கணவன் லூக், ‘உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றுதான் ஆறுதல் சொல்கிறான். அந்த ஆறுதலே அவளுக்கு உறுத்துகிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் அவரைப் படிக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு அவரை விட்டுவிடுவோம்.

ஏனென்றால், உங்களை உலுக்கியது அவர் இல்லை என்று நினைக்கிறேன். கணவரைப் பற்றி இத்தனை எழுதிய நீங்கள், மகளை ஒரு மூலையில் சொல்லிவிட்டு ஓடுகிறீர்கள். அவள் எந்த வரிக்குக் கோடு போட்டாள் என்று எழுதவே இல்லை. ஆனால் ஹாஸ்டலைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஊகிக்க முடிகிறது. பெண்களைப் பழக்கும் இடத்தில் லிடியா அத்தை சுதந்திரம் இரண்டு வகை என்பாள். முன்பு விரும்பியதைச் செய்யும் சுதந்திரம் இருந்தது, இப்போது தொல்லைகள் அண்டாத சுதந்திரம் தருகிறோம், அதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்பாள். கேட்டால் அக்கறையாகத்தான் தோன்றும். 1985-இல் வெளிவந்த இந்த நாவலில் என் வயிற்றைக் கலக்கும் இடம் இதுதான். அந்தப் பெண்களை வீட்டில் வைத்திருக்கும் அதிகாரிகளான கமாண்டர்களை வெறுப்பது சுலபம். ஆனால் கடைசியில் 2195-இல் நடப்பதாக வரும் கருத்தரங்கில், பெண்களைப் பெண்களை வைத்தே அடக்குவதுதான் செலவு குறைந்த வழி என்று கிலியட் ஆட்சியாளர்களில் ஒருவர் கருதினார் என்று ஒரு பேராசிரியர் சாவகாசமாக விளக்குகிறார்.

நீங்கள் லிடியா இல்லை. அந்த அத்தைகளின் இடுப்பில் மின்சாரக் கோல் தொங்கியது. உங்களிடம் இருப்பது பயம். அதற்கும் காரணங்கள் இருக்கும், பேருந்தில் வேலைக்குப் போய் வந்த எந்தப் பெண்ணுக்குத்தான் இருக்காது? ஆனாலும் வீட்டுக்குள் நிறுத்தப்பட்டவளுக்கு அந்த இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

இரவல் புத்தகம் என்பதால் அழித்தேன் என்கிறீர்கள். அதில் காபி கொட்டியிருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்களா? பெண்கள் படிக்கவும் எழுதவும் கூடாத ஒரு நாட்டைப் பற்றிய நாவலில், உங்கள் மகள் எழுதிய ஒரே சொல்லை அழித்திருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் புரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, ஒருத்திக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. நீங்கள் எதிர்பார்த்த விதத்தில் புரியவில்லை, அவ்வளவுதான்.

அதில் வெறுப்பைத் தேடாதீர்கள். கதைசொல்லியின் அம்மாவை நினைத்துப் பாருங்கள். பெண்ணுரிமைக்காகத் தெருவில் இறங்கியவள். தன் வாழ்க்கை சரிதான் என்று மகள் வாழ்ந்து காட்ட வேண்டும் என எதிர்பார்த்தவள். ‘உன் வாழ்க்கைக்கு நியாயம் கற்பிக்க நான் பிறக்கவில்லை’ என்ற பொருளில் மகள் ஒருமுறை வெடித்துவிடுகிறாள். எல்லாம் பறிபோன பிறகு அந்த அம்மாவே திரும்ப வேண்டும் என்று ஏங்குகிறாள். முற்போக்கான அம்மாவோடும் சண்டை வரத்தான் செய்யும். உங்கள் மகள் நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள். முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

“அந்த இடத்துல ஏன் அம்மான்னு எழுதின?” என்று இந்த வாரமே கேளுங்கள். அழித்ததையும் சொல்லிவிடுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை செய்தித்தாளில் வந்த சம்பவங்களை எடுத்து வைக்க வேண்டாம். மேற்படிப்புக்காவது சென்னைக்கு அனுப்புவாயா என்று கேட்டால், ‘அப்போ பாக்கலாம்’ என்று நழுவாதீர்கள். அனுப்புவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லுங்கள். மாட்டேன் என்றால் காரணத்தையும் சொல்லுங்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்பது காரணம் ஆகாது.