பசுமை வீடு சரி, கடன் யார் பெயரில்?

கேள்வி: கோவை துடியலூரில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 29, ஐ.டி. வேலை, கைக்கு வரும் சம்பளம் 52,000. கல்லூரி நாளிலிருந்தே சுற்றுச்சூழலில் ஆர்வம் உண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன் அக்கா வீட்டுக்காரர் சோலார் கடை ஆரம்பித்தபோது, முதலுக்காக என் பெயரில் 4 லட்சம் தனிநபர் கடன் எடுத்துக் கொடுத்தேன். 14% வட்டி, 5 வருடத் தவணை. ஆறு மாதம் மாமாவே இ.எம்.ஐ. கட்டினார், அதன் பிறகு நான்தான் கட்டுகிறேன். இப்போது எங்கள் வீட்டுக்கு பேட்டரியோடு 5 கிலோவாட் சோலார் போடச் சொல்கிறார். 5.2 லட்சம் ஆகுமாம், அதற்கும் தனிநபர் கடனே வாங்கிவிடலாமாம். "படித்த பிள்ளைகளே செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?" என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஓடுகிறது, பில் 3,100 வருகிறது. 1.5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. அதை உடைத்து, பசுமைத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் வாங்கும் பசுமை டெபாசிட்டிலோ, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, நல்ல நிர்வாகம் பார்த்து முதலீடு செய்யும் இ.எஸ்.ஜி. ஃபண்டிலோ போடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: 5.2 லட்சத்தை 14 சதவீதத்தில் 5 வருடத்துக்கு வாங்கினால் இ.எம்.ஐ. சுமார் 12,100. உங்கள் மின்கட்டணம் மாதத்துக்கு 1,550. பில் முழுவதும் பூஜ்யமானாலும், 1,550 மிச்சப்படுத்த 12,100 கட்டுவீர்கள். வட்டி மட்டுமே 2 லட்சத்தைத் தாண்டும். ஏற்கெனவே கட்டும் 9,300-ஐயும் சேர்த்தால் 52,000 சம்பளத்தில் 21,400 கடனுக்கே போய்விடும். இந்தக் கணக்கை உங்களுக்கும் போடத் தெரியும். மாமா முன்னால் போட முடியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சிக்கல் சோலாரில் இல்லை. மாமா கேட்கும்போதெல்லாம் உங்கள் பெயரில் கடன் எடுப்பதில் இருக்கிறது. முதல் தடவை அவர் கடைக்காக, இந்தத் தடவை உங்கள் வீட்டுக்காக என்று சொல்கிறார். ஆனால் இரண்டிலும் பணம் போய்ச் சேரும் இடம் அவர் கடை, தவணை கட்டுவது நீங்கள். பசுமை என்ற நல்ல பெயரைச் சொல்லிக் கேட்பதால் மறுக்கக் கூச்சப்படுகிறீர்கள்.

இளைஞர்கள் இந்த விஷயத்தில் முன்னால் வரவேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன். அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன். உங்கள் தெருவில் முதலில் சோலார் போட்டவர் கடனில் திணறினால், அடுத்த பத்து வீட்டுக்காரர்களும் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். 1 கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 5 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட், உங்கள் தேவையைப் போல இரண்டு மடங்கு. வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000 என்று அதிகபட்ச மானியமே 78,000தான். 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000. பேட்டரிக்கு ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கிடையாது. மின்வாரிய (கிரிட்) இணைப்பும், மிச்ச மின்சாரத்தை அதற்கே கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரும் இருக்கும் வீட்டில் லித்தியம் பேட்டரி எதற்கு? இன்றைக்கு அதுதான் ஃபேஷன் என்பதால் விற்கிறார்கள்.

பேனலுக்கு முன்னால் ஃபேனைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் ஓடும். ஐந்து ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 2.25 யூனிட் மிச்சம், இரண்டு மாதத்துக்கு 135 யூனிட். 620 என்பது 485 ஆகும். நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட் ஒரு முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரை கிடைக்கும் மலிவு விலையும் போய்விடும். அதனால் 135 யூனிட் குறைந்ததற்கே பில் 3,100-லிருந்து 1,700 வாக்கில் இறங்கும். ஐந்து ஃபேனுக்கு 15,000 போட்டால் இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். அடுத்த போனஸில் வாங்குங்கள், இ.எம்.ஐ. வேண்டாம்.

அப்பா கட்டிய வீடு என்கிறீர்கள். மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, மழைக்கு ஓதம் அடிக்கிறதா என்று ஒரு கொத்தனாரை விட்டுப் பாருங்கள். பேனல் ஸ்டாண்டு நட்ட பிறகு ஒழுகினால் எல்லாவற்றையும் கழற்றித்தான் தளத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பேனல் வராத இடத்தில் வெள்ளை கூலிங் டைல்ஸோ, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயின்டோ போட்டால் மேல் அறையின் சூடு நன்றாகவே தணியும். மழைநீர்க் குழி 2003-ல் கட்டாயமாக்கியபோது தோண்டியதாக இருந்தால், ஜல்லியும் மணலும் அடைத்துப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அள்ளிக் கழுவிப் போட ஆள் கூலிதான் செலவு. ஹைதராபாத்தில் 2004-ல் திறந்த, இந்தியத் தொழில் கூட்டமைப்பின் (சி.ஐ.ஐ.) பசுமை வணிக மையம், பசுமைக் கட்டடங்களுக்கான லீட் சான்றில் மிக உயர்ந்த பிளாட்டினம் தரத்தை அமெரிக்காவுக்கு வெளியே பெற்ற முதல் கட்டடம். அதிலும் பேனல் மட்டும் வேலை செய்யவில்லை. நடு முற்றம், பகல் வெளிச்சம், மாடித் தோட்டம் என்று கட்டிய விதமே பாதி மின்செலவைத் தவிர்க்கும்படி யோசித்திருந்தார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு 2 கிலோவாட் போதும். சுமார் 1.3 லட்சம் ஆகும், மானியம் 60,000, நிகரச் செலவு 70,000. மீதியிருக்கும் 1,700 ரூபாய் பில்லும் ஏறக்குறைய இல்லாமல் போகும். வருடத்துக்குப் பத்தாயிரம் மிச்சம் என்று வைத்தால் ஏழு வருடத்தில் முதல் வந்துவிடும். பேனல் 25 வருடம் உழைக்கும்.

இப்போது மாமா விஷயம். பழைய கடனில் இன்னும் சுமார் 3.07 லட்சம் அசல் பாக்கி இருக்கும். அந்த 2 கிலோவாட்டை மாமாவே போடட்டும். திட்டத்தின் இணையதளத்தில் பதிவான விற்பனையாளராக அவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் மானியம் வராது. முறையான பில் போட்டு, 1.3 லட்சத்தை அவர் உங்களுக்குத் தரவேண்டியதில் கழித்துக்கொள்ளுங்கள். மானியம் 60,000 உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். அதை அப்படியே தனிநபர் கடனில் கட்டிவிடுங்கள், முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று மட்டும் வங்கியில் கேளுங்கள். 1.3 லட்சம் கழிந்ததும் மாமாவின் பாக்கி 1.77 லட்சமாகக் குறையும். 60,000 கட்டியதற்கு ஏற்ப இ.எம்.ஐ.யைக் குறைத்துக்கொண்டால், மீதியிருக்கும் 42 மாதத்துக்கு அவர் மாதம் 5,400 தந்தால் போதும், உங்கள் பங்கு சுமார் 2,100. அவர் தொழிலுக்கு இதைவிட நல்ல ஆதரவு என்ன இருக்கிறது? ஒரு வாடிக்கையாளர் கிடைக்கிறார், கடனும் குறைகிறது.

எஃப்.டி.யைத் தொடாதீர்கள். மூன்று மாதச் சம்பளத்துக்குக்கூட வராத தொகை அது, அவசரத்துக்கு இருக்கட்டும். பசுமை டெபாசிட்டுக்கு ரிசர்வ் வங்கி 2023 ஜூன் முதல் விதிமுறை வைத்திருக்கிறது, பாதுகாப்பில் குறையில்லை. ஆனால் அதற்காக நடுவில் உடைத்து வட்டியை இழக்க வேண்டாம். முதிர்வு தேதியில் மாற்றிக்கொள்ளலாம். 14 சதவீதக் கடன் இருக்கும்போது இ.எஸ்.ஜி. ஃபண்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

மாமாவிடம் தனியாகப் பேசாதீர்கள். வங்கியிலிருந்து கடன் ஸ்டேட்மென்ட்டை வாங்கிக்கொண்டு, அக்காவும் கூட இருக்கும்போது பேசுங்கள். 1.77 லட்சத்துக்கு ஒரு புரோநோட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தத்துக்குள் எதற்கு எழுத்து என்பார். வங்கி உங்களிடம் எழுத்தில்தான் வாங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் இதற்கு ஒத்துவரவில்லையென்றால் சோலாரை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். பிறகு, பதிவான வேறொரு விற்பனையாளரிடம், இதே திட்டத்துக்குப் பொதுத்துறை வங்கிகள் அடமானமில்லாமல் தரும் கடனில் போட்டுக்கொள்ளலாம். அந்த வட்டி, நீங்கள் இப்போது கட்டுவதில் பாதி அளவுதான்.