பவுடர் ப்ளூ டேங் மீன் பெல்லட் தீனிய துப்புது, வயிறு ஒட்டிப்போச்சு - பதில்

ப்ரோ, 3 அடி டேங்க்ல பவுடர் ப்ளூ விட்டு பத்து நாளாச்சு, பெல்லட்ட வாயில வாங்கி துப்புதுன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசுக்கு கஷ்டமாயிடுச்சு. கடல்ல பாறைப் பாசிய பகல் பூரா கொறிச்சிக்கிட்டே இருக்கற மீன் அது.

பெங்களூர்ல பெரிய சூப்பர்மார்க்கெட்ல சுஷிக்கு வைக்கற நோரி ஷீட் (காய்ஞ்ச கடல்பாசித் தாள்) கிடைக்கும், உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேர்க்காததா பாத்து வாங்குங்க, ரெண்டு விரல் அகலம் கிழிச்சு ஒரு கல்லுல ரப்பர் பேண்ட் போட்டு கட்டி அடியில வைங்க, புது மீனுக்கு கிளிப்ல மாட்டி தண்ணில ஆடறத விட இது பழகின மாதிரி இருக்கும். என்னோடது மூணு நாள் சுத்தி சுத்தி பாத்துட்டே போச்சு, நாலாவது நாள் காலைல பாத்தா ஓரத்துல குட்டி பிறை மாதிரி கடிச்ச தடம், எனக்கு அழுகையே வந்துடுச்சு. மிச்சத்த சாயங்காலமே எடுத்துடுங்க, தண்ணி கெட்டுடும்.

மீன் உடம்புல உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தா தனி டேங்க்ல வெச்சுதான் காப்பர் மருந்து போடணும், மெயின் டேங்க்ல போட்டா இறால், பவளம் எல்லாம் செத்துடும். பிடிக்கறப்ப வலை வேணாம், வால்கிட்ட கத்தி மாதிரி முள் இருக்கு, மாட்டிக்கும், டப்பாவுல மொண்டு எடுங்க.

இன்னொண்ணு, இது 20 செ.மீ.க்கு மேலயும் வளரும், 3 அடி பத்தவே பத்தாது. தேறினதும் 6 அடி டேங்க் வெச்சிருக்கறவங்க யாருக்காச்சும் குடுத்துடுங்க ப்ரோ.