கொழுப்பு மாத்திரை இடுப்பு எலும்பைக் காப்பாற்றுமா?

தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றி 14 மாதம், இப்போது தொடை இடுக்கில் வலி, 'ஸ்டேட்டின் (ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) போட்டால் எலும்பு கெடாது' என்று யாரோ சொன்னார்கள், கேட்டு வாங்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். நான் மருத்துவர் இல்லை. மாற்றுச் சிறுநீரகத்தோடு பல வருடங்களாக இருப்பவன்.

அந்தப் பேச்சு வெறும் வதந்தி இல்லை. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமல் இருக்க ஸ்டீராய்டு எடுக்கும்போது எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு பெருகி, தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தம் குறைந்து, அந்த எலும்பு செத்துப்போகலாம். ஸ்டேட்டின் அந்தக் கொழுப்பைத் தடுக்கலாம் என்பது யோசனை. 2001இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டையும் சேர்த்து எடுத்த 284 பேரில் 3 பேருக்குத்தான் எலும்பு செத்தது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டேட்டின் எடுக்காத குழு இல்லை. பிறகு சிறுநீரகம் மாற்றியவர்களிடமே பார்த்தபோது தெளிவான பலன் தெரியவில்லை. தவிர, அது வருமுன் காக்கும் யோசனைதான். செத்த எலும்பை மாத்திரை உயிர்ப்பிக்காது.

அதனால் முதல் வேலை எம்ஆர்ஐ. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஆரம்பக் கட்டம் அதில் தெரியாது. மறுபக்க இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், உடல் சிறுநீரகத்தை ஒதுக்காமல் இருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் எடுக்கிறார் என்றீர்களே, அதோடு சிம்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் சேரவே கூடாது. ரத்தத்தில் ஸ்டேட்டின் அளவு ஏறி, தசை சிதைந்து, சிறுநீரகத்தையே அடிக்கும். கொழுப்புக்காக ஸ்டேட்டின் தேவைப்பட்டால் எது, எவ்வளவு என்பதைச் சிறுநீரக மருத்துவரே முடிவு செய்யட்டும். வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். ஸ்டீராய்டையும் நீங்களாகக் குறைக்காதீர்கள். எம்ஆர்ஐ முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள்.