கவிழ்த்து வைத்த டம்ளர்

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்குத் தினமும் காலையில் டீ போட்டுக் கொடுக்கிறேன். இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி மாடிப்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். மேல்வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கித் தருகிறேன். ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் மாதக் கடைசிக் கணக்கையும் நான்தான் முடித்துக் கொடுக்கிறேன். "எல்லாரும் உன் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்" என்கிறார் கணவர். இதற்கெல்லாம் என்ன பலன்? நிறுத்திவிடலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கணவர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு சரி. மிளகாய் அரைபடுவது ஆபீஸில் மட்டும்தான். மாதாமாதம் அடுத்தவர் வேலையை முடித்துக் கொடுப்பதற்குப் பெயர் சம்பளம் இல்லாத ஓவர்டைம். "இந்தத் தடவை முடியாதுங்க, என் வேலையே பாக்கி இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். காரணம் அடுக்க வேண்டாம். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் இரண்டு நாள் வைத்துக்கொள்ளட்டும்.

அந்தக் கோபத்தை டீ டம்ளர் மேல் காட்டிவிடாதீர்கள்.

சரி, பலன். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை 2008-ல் வெளியானது. காலையில் சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர் கொடுத்து, பாதிப் பேரைத் தங்களுக்கே செலவழிக்கவும் மீதிப் பேரை அடுத்தவருக்குச் செலவழிக்கவும் சொன்னார்கள். சாயங்காலம் விசாரித்தால், அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷத்தில் இருந்தார்கள். 5-ஆ 20-ஆ என்பதில் வித்தியாசமே இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது சிகாகோவில் நடந்தது. குளிர்காலம், பனிச்சறுக்குத் திடல். அங்கே வந்தவர்களிடம், ஒரு கோப்பை சூடான சாக்லேட்டைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தரலாம் என்றார்கள். பெரும்பாலானவர்கள் தந்தார்கள். 'வாங்கியவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்?' என்று தந்தவர்களைக் கேட்டால், கொஞ்சமாகத்தான் சொன்னார்கள். வாங்கியவர்களைக் கேட்டால் அதைவிட அதிகமாகச் சொன்னார்கள். கொடுத்தவர் கோப்பையைப் பார்க்கிறார். வாங்கியவருக்கோ, யாரோ ஒருவர் தன்னை நினைத்துத் தந்தது தெரிகிறது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவரின் ஆய்வு இது, 2022-ல் வந்தது.

இதற்குச் சிகாகோ வரை போயிருக்க வேண்டியதில்லைதான். ஒருமுறை மதுரை டவுன் பஸ்ஸில் கனமான பையோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்திருந்த ஓர் அம்மா ஒன்றும் பேசாமல் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் ஸ்டாப் வந்ததும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினேன். ஒரு 'தாங்க்ஸ்' கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? 'நன்றி கெட்ட ஜென்மம்' என்றுகூட நினைத்திருப்பார்.

உங்கள் வாட்ச்மேனுக்கு வருவோம். புகாராக நீங்கள் எழுதிய அந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள். எச்சில் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்த மனிதர், தூக்கக் கலக்கத்தோடு குழாயடிக்குப் போய்க் கழுவி, தூசி விழாமல் கவிழ்த்து வைக்கிறார். தினமும்!

நாளைக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிற நாளாகப் பார்த்துக் கேளுங்கள். சில பேர் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள்.