மேலே பொன்னிறம், அடியில் பச்சை மாவு

கேள்வி: கொத்துக்கறி அடைத்த பிரெட் லோஃப் மூன்று முறை செய்துவிட்டேன். மேலே அழகாகச் சிவக்கிறது. வெட்டினால் அடிப்பக்கம் பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டுகிறது. போன தடவை பக்கவாட்டில் வெடித்து, சாறு தட்டில் ஓடிக் கருகியே போய்விட்டது. ஓவனைத்தான் மாற்ற வேண்டுமா?

பதில்: ஓவன் பாவம், அதை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்கிற இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான்: கறியில் மிச்சமிருக்கும் ஈரம். அந்தத் தண்ணீர் அடி மாவில் ஊறுகிறது, ஆவியாகி மேலே போக வழியில்லாமல் பக்கத்தைக் கிழிக்கிறது.

அதனால் மாவைவிடக் கறிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 500 கிராம் கொத்துக்கறியை வெங்காயம், பூண்டு, மிளகுடன் அகலமான வாணலியில் மூடாமல் வதக்குங்கள். ஆகிவிட்டது என்று தோன்றும்போது கரண்டியால் கறியை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பாருங்கள். காலியான இடத்துக்கு நீர் மெல்லக் கசிந்து வந்தால் இன்னும் ஆகவில்லை, வதக்கிக்கொண்டே இருங்கள். வெறும் கொழுப்பு மட்டும் மினுங்கினால் சரி. மிஞ்சிய கொழுப்பை வடித்துவிட்டு இரண்டு மேசைக்கரண்டி பிரெட் தூள் கலந்துவிடுங்கள், கசிகிற கொஞ்சநஞ்சத்தை அது பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் கறி முழுசாக ஆற வேண்டும். அகலத் தட்டில் பரப்பி, சூடு போனதும் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். முதல் தடவை நானும் பொறுமையில்லாமல் வெதுவெதுப்பாகவே வைத்துச் சுருட்டினேன். மாவில் இருந்த வெண்ணெய் இளகி, தூக்கி வைக்கும்போதே நடுவில் கிழிந்தது.

மாவுக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 400 கிராம் மைதா, 220 மி.லி. வெதுவெதுப்பான பால், ஒரு முட்டை, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 7 கிராம் உப்பு, 40 கிராம் வெண்ணெய். காதுமடல் மாதிரி மென்மையாகும்வரை பிசைந்து, இரண்டு மடங்காக உப்ப விடுங்கள்.

பட்டர் பேப்பர் மேலேயே செவ்வகமாகத் தேய்த்து, நடுவில் நீளவாக்கில் கறியைக் குவியுங்கள். இரண்டு பக்க மாவையும் சாய்வாகக் கீறி, சடை பின்னுவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துவிட்டால் ஆவி வெளியேற இடுக்குகள் தானாக அமைந்துவிடும். சுருட்டுவதுதான் பழக்கம் என்றால் ஓரத்தில் 2 செ.மீ. வெறுமையாக விட்டு, தண்ணீர் தொட்டு ஒட்டி, அந்த ஒட்டு அடியில் வரும்படி வையுங்கள். மேலே மூன்று கீறல் அவசியம். ஓரத்தில் கொழுப்பு பட்டால் மாவு ஒட்டவே ஒட்டாது, கையைத் துடைத்துக்கொண்டு மடியுங்கள்.

இரண்டாவது தடவை 20, 25 நிமிடம் உப்பினால் போதும். ரொம்ப விட்டால் கறியின் கனம் தாங்காமல் அமுங்கிவிடும்.

அந்த நேரத்தில் ஓவனை 190 டிகிரி செல்சியஸில் வைத்து, காலித் தட்டு ஒன்றையும் கீழ் அடுக்கில் வைத்துச் சூடேற்றுங்கள். லோஃபின் மேல் முட்டை தடவி, பேப்பரோடு அந்தச் சூடான தட்டில் நகர்த்திவிடுங்கள். அடி வேகாத பிரச்சினையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். சுமார் 35 நிமிடம் ஆகும். பாலும் முட்டையும் சேர்ந்த மாவு சீக்கிரமே சிவந்துவிடும், உங்களை ஏமாற்றியது அந்த நிறம்தான். பாதியிலேயே கருத்தால் அலுமினியத் தாளைப் போர்த்திவிட்டு வேகவிடுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 90 டிகிரி காட்ட வேண்டும்.

எடுத்ததும் கம்பி வலைக்கு மாற்றுங்கள். தட்டிலேயே விட்டால் அடியில் வியர்த்து, பட்ட பாடு வீணாகும். 20 நிமிடம் கழித்து, பல் வைத்த கத்தியால் அறுங்கள். மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் ஓவனிலேயே சுட வையுங்கள், மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும்.