எழுபது வீதம் கையெழுத்து: எங்கே தொடங்குவது?

கேள்வி: ஜேர்மனியில் நோர்ட்ரைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் கிம்னாசியம் (பல்கலைக்கழகத்துக்குத் தயார்ப்படுத்தும் பள்ளி) 11ஆம் வகுப்பில் படிக்கிறேன். எங்கள் பள்ளிக்கூட மலசலகூடக் கதவில் யாரோ ஹாக்கன்குறொய்ஸ், அதாவது சுவஸ்திகம் போலிருக்கும் ஹிட்லரின் நாசிக் கட்சிச் சின்னம், கீறியிருக்கிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் அதே சின்னத்தை ஸ்ரிக்கராக அனுப்புகிறான், கேட்டால் பகிடி என்கிறான். நாங்கள் நான்கு பேர் 'இனவாதமற்ற பள்ளி, துணிவுள்ள பள்ளி' பட்டத்துக்கு முயற்சி செய்ய நினைக்கிறோம். ஒரு ரீச்சர் பள்ளிக்கூடம் நடுநிலையாக இருக்கவேண்டும் என்கிறார். அம்மா அப்பாவோ, வந்த நாட்டில் எங்களுக்கு ஏன் இந்த வேலை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, பட்டத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் கதவு.

படம் எடுங்கள். திகதி, நேரம், எந்த மாடி, எந்தக் கதவு என்று எழுதி வையுங்கள். பிறகு பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்ரரிடம் சொல்லி அன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். நீங்களே மை பூசி மறைக்க வேண்டாம், அது சொத்துச் சேதம் என்று உங்கள் மேலேயே திரும்பலாம். தெருக்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நாசி ஸ்ரிக்கர்களை வெறும் விரலால் உரிக்கவும் வேண்டாம். சிலவற்றின் பின்னால் சவர அலகை வைத்து ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி அடுப்பைச் சுரண்டும் கத்தியும் தடித்த கையுறையும் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் இன்னும் கவனம் தேவை. தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பரப்புவது ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை அல்லது தண்டப்பணம். குற்றப் பொறுப்பு 14 வயதிலேயே தொடங்கிவிடுகிறது, ஆகவே பகிடி என்றவனுக்கும் அது பொருந்தும். ஆனால் பிள்ளைகள் பிழை விடுவது இங்கேதான்: "என்ன அனுப்பியிருக்கிறான் பார்" என்று அதையே வேறு குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நீங்களும் சிக்கலில் மாட்டலாம். அனுப்பியவர் பெயர், குழுவின் பெயர், நேரம் மூன்றும் தெரியும்படி உடனே ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நம்பிக்கைக்குரிய ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். அனுப்பியவன் எல்லோருக்கும் அழித்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் சுவரொட்டியில் அந்தச் சின்னத்தை உடைத்தோ வெட்டியோ காட்டலாம். எதிர்ப்பு தெளிவாகத் தெரிந்தால் அது குற்றமில்லை என்று கூட்டாட்சி உச்சநீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்திருக்கிறது. நம் சாமியறைச் சுவஸ்திகம் பற்றியும் யாராவது கேட்பார்கள், அதற்கு அமைதியான பதிலொன்றை இப்போதே யோசித்து வையுங்கள்.

இனிப் பட்டம். 1988இல் பெல்ஜியத்தில் பிறந்து 1995இல் ஜேர்மனிக்கு வந்த திட்டம் இது. பள்ளிக்கூடத்தில் படிப்பவர்கள், வேலை செய்பவர்கள் எல்லோரிலும் குறைந்தது 70 வீதமானோர் கையெழுத்து வைக்கவேண்டும். 900 மாணவர், 70 ஆசிரியர், 30 பணியாளர் என்றால் 700 கையெழுத்து. செக்ரட்டரி, துப்புரவு செய்பவர், ஹவுஸ்மைஸ்ரர் எல்லோரும் அந்தக் கணக்கில் அடக்கம். ஒப்புக்கொள்வது மூன்று விடயம்: பாகுபாட்டுக்கு எதிரான வேலை பள்ளிக்கூடத்தில் நிலைக்கப் பாடுபடுவேன், வன்முறையோ இழிவான பேச்சோ நடந்தால் தலையிடுவேன், வருடத்தில் ஒரு தடவையாவது இதுபற்றி ஒரு செயற்திட்டம் நடக்க உதவுவேன். இவற்றுடன் பள்ளிக்கு ஆதரவாளர் ஒருவரையும் தேடவேண்டும். முதல் வேலையாக மாநில ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள், படிவமும் ஆலோசனையும் அங்கே கிடைக்கும்.

மண்டபத்தில் எல்லோரையும் இருத்தி வரிசை வரிசையாகத் தாளை ஓடவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் 700 வந்துவிடும். ஒருவரும் வாசித்திருக்கமாட்டார்கள். பிறகு வாசலில் பலகை தொங்கும், கதவில் கீறல் அப்படியே இருக்கும். வகுப்பு வகுப்பாகப் போங்கள். ஒரு வகுப்புக்கு இருபது நிமிடம், இருவர் இருவராக. "அடுத்த முறை யாராவது ஒருவரைப் பார்த்து 'வெளிநாட்டவரே வெளியேறு' என்று பாடினால் நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். 2024 மேயில் ஜேர்மனியின் சூல்ட் தீவில் வசதியான இளைஞர்கள் அதைக் கூத்தாட்டமாகப் பாடிய காணொளியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கையெழுத்து வைக்க மறுப்பவரை வற்புறுத்தவும் வேண்டாம், பெயரைக் குறித்துவைக்கவும் வேண்டாம்.

ஒன்பது வருடக் கிம்னாசியத்தில் நான்கு வருடத்துக்குள் கிட்டத்தட்டப் பாதி மாணவர்கள் புதியவர்களாகிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு 5ஆம் வகுப்பு வரும்போதும் அந்தத் தாளை மறுபடி எடுங்கள். குழுவில் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் இருவரையாவது இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். அபிற்றூர் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை முடித்து நீங்கள் போனபின் யார் தொடர்வார்கள்? முன்வரிசையில் எப்போதும் உங்களையே நிறுத்த விடவும் வேண்டாம். நிறம் காரணமாக அடிபடுகிற பிள்ளையே எல்லோருக்கும் பாடம் எடுக்கவேண்டும் என்பது அநியாயம்.

நடுநிலை பற்றிப் பேசிய ரீச்சர் மனதில் வைத்திருப்பது பள்ளியில் அரசியலை எப்படிக் கற்பிப்பது என்பது பற்றிய 1976இன் பொய்ற்றெல்ஸ்பாக் இணக்கமாக இருக்கலாம். அது சொல்வது: மாணவரை ஒரு கருத்துக்குள் அமுக்காதே, சர்ச்சைக்குரியதைச் சர்ச்சையாகவே காட்டு, மாணவர் தன் நலனைத் தானே ஆராயப் பழக்கு. மனித மாண்பு சர்ச்சைக்குரிய விடயமல்ல, அரசியலமைப்பின் முதலாம் பிரிவே அதுதான். கட்சிப் பெயர் எதுவும் இல்லாமல் கதவையும் வாட்ஸ்அப்பையும் பற்றி மட்டும் அவரிடம் கதையுங்கள்.

அம்மா அப்பாவின் பயத்தைக் குறைத்து நினைக்கவேண்டாம். 1992இல் மோல்னிலும், 1993 மே 29இல் உங்கள் மாநிலத்துச் சோலிங்கனிலும் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். சோலிங்கனில் இறந்த ஐவரில் மூவர் சிறுமிகள். அந்த நாட்களில் இங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது நினைவிருக்கும். அவர்களோடு வாதாட வேண்டாம். இது பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்து, பகலில், ஆசிரியரோடு நடக்கிற வேலை என்று சொல்லுங்கள். கருத்துச் சொல்லும் உரிமை பாஸ்போட்டைப் பார்த்து வருவதில்லை என்றும் சொல்லுங்கள். கையெழுத்துத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், அந்த மூன்று வசனத்தையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.