தோல் பொடி ஏன் புளிக்கவில்லை?

கேள்வி: ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களை வீணாக்க மனமில்லாமல் வெயிலில் காயவைத்துப் பொடித்தேன். புளிப்பே இல்லை, கசக்கிறது. இரண்டு வாரத்தில் கட்டி தட்டியும் விட்டது. கடையில் வாங்கிய எலுமிச்சைப் பொடியோ வெளுப்பாக, நன்றாகப் புளிக்கிறது. நான் எங்கே தவறினேன்?

பதில்: புளிக்காதது உங்கள் தவறு இல்லை. புளிப்பு சாற்றில் இருக்கிறது. தோலில் இருப்பது மணமும் கசப்பும்தான். கடைப் பொடியின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் (ஒரு மாவுப்பொருள்), சிட்ரிக் அமிலம் என்று இருந்தால் அது சாற்றை மாவுப்பொருளோடு சேர்த்து உலர்த்திய பொடி. இரண்டும் வேறு வேறு சரக்கு. தோல் பொடிதான் வேண்டுமென்றால் உட்பொருள் பட்டியலில் 'தோல்' என்ற சொல் முதலில் நிற்க வேண்டும், முடிந்தால் அது மட்டுமே நிற்க வேண்டும்.

கசப்பைக் குறைக்க வழி உண்டு. நிறமுள்ள மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள். மணம் தரும் எண்ணெய்ப் பைகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு துண்டை விரலால் மடித்துப் பிழிந்தால் பொடிப் பொடியாகத் தெறிக்குமே, அதுதான் அந்த எண்ணெய். அடியில் பஞ்சு போலிருக்கும் வெள்ளைப் பகுதி கசப்போடு ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பழத்தை உரித்த பிறகு தோலைச் சீவுவது பெரும்பாடு. முழுப் பழமாக இருக்கும்போதே சீவிவிடுங்கள். ஒரே நாளில் போதுமான அளவு சேராது என்றால், சீவியதை ஃப்ரீசரில் போட்டு வையுங்கள்.

கட்டி தட்டக் காரணம் அரைகுறைக் காய்ச்சல். தோலின் எடையில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர்தான். 100 கிராம் தோல் காய்ந்தால் 25, 30 கிராம்தான் தேறும். கடும் வெயில் நிறத்தையும் மணத்தையும் வாங்கிவிடும். நிழலில் காற்றோட்டமாக வையுங்கள், அல்லது 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்துங்கள். வளைத்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சூடு ஆறிய பிறகே மிக்ஸியில் போடுங்கள். விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடாகி வாசனை மூடி வழியாகவே போய்விடும். சலித்து, கண்ணாடிப் புட்டியில் இருட்டான இடத்தில் வையுங்கள். இந்த எண்ணெய் சில பிளாஸ்டிக்குகளை அரிக்கும்.

கேள்வி: பளபளக்கும் பழத்தின் தோலைப் பொடித்துச் சாப்பிடலாமா?

பதில்: பளபளப்பு பெரும்பாலும் மெழுகுப் பூச்சு. ஷெல்லாக் பிசின், கார்னாபா மெழுகு போன்ற உண்ணத்தக்க பூச்சுகள்தான் இதற்குப் பெரும்பாலும் பயன்படும். எனக்கு உறுத்துவது அதுவல்ல. பறித்த பின் அழுகாமலிருக்க இமசாலில், தயாபெண்டசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளும் தோலில் இடப்படுவதுண்டு. வெந்நீரில் தேய்த்துக் கழுவினால் மேலே இருப்பதில் ஒரு பங்கு போகும். தோலுக்குள் இறங்கியது போகாது. உரித்து எறியப்போகும் தோல் என்றால் இதைப் பெரிதாகப் பார்க்க வேண்டாம். பொடித்துச் சேர்த்துச் சாப்பிடப்போகிறீர்கள் என்றால், வாங்கும்போதே மெழுகும் மருந்தும் இடாத பழமாகக் கேட்டு வாங்குங்கள். 'மிஞ்சிய தோல்தானே' என்ற கணக்கு இங்கே உதவாது.

கிரேப்ஃப்ரூட் (ஆரஞ்சு இனத்தில் சற்றுக் கசக்கும் பெரிய பழம்) தோலை மட்டும் தவிர்த்துவிடலாம். சில கொலஸ்ட்ரால், ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை உடலில் ஏற்றிவிடும் சேர்மங்கள் அந்தப் பழத்தில் உண்டு, தோலிலும் உண்டு. மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: மீதிப் பொடியை முகத்தில் பூசலாமா?

பதில்: நான் பூச மாட்டேன். எலுமிச்சைத் தோலில் உள்ள ஃபியூரோகூமரின்கள் என்னும் சேர்மங்கள் நம் சருமத்தில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் கொப்புளமும் கரும்படையும் வரக்கூடும். வீட்டு மிக்ஸியில் அரைத்த பொடி நறநறவென்று கீறவும் செய்யும். மறுபக்கம், அழகுப் பொருளாக 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டு விற்கும் தோல் பொடியை, மலிவாகக் கிடைக்கிறதே என்று சமையலில் சேர்க்காதீர்கள். அது உணவுக்கான தரத்தில் தயாரித்ததல்ல.